ரிமோட் படகு மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

படகு ஓடவில்லை என்றதும் எல்லோருக்கும் கை போவது எலக்ட்ரானிக்ஸ் பக்கம்தான். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரைக் கழற்றுவார்கள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியை மாற்றுவார்கள், புது பேட்டரி வாங்குவார்கள். அடுத்த மாதம் அந்தப் புது ஈஎஸ்சியும் கருகும். ஈஎஸ்சி கருகுவதும் பேட்டரி உப்புவதும் பெரும்பாலும் விளைவுகள்தான். காரணம், புரொப்பல்லரைச் சுற்றும் ஷாஃப்ட் இறுகியதாகவோ, மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் கோணலாகவோ, புரொப்பல்லர் அளவு மீறியதாகவோ இருக்கும். ஆகவே கீழே பெரும்பாலான அறிகுறிகளுக்கு வரிசை ஒன்றுதான்: முதலில் கையால் சுற்றிப் பாருங்கள், அடுத்து தொட்டுச் சூடு பாருங்கள், பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். பாகம் மாற்றுவது கடைசி.

திறப்பதற்கு முன் இரண்டு பழக்கங்கள். சுவிட்ச் போடும்போது ரிமோட் முதலில், படகு பிறகு. அணைக்கும்போது படகு முதலில், ரிமோட் பிறகு. மேசையில் வைத்துச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். 3 செ.மீ. உலோகப் புரொப்பல்லர் பார்க்கச் சின்னதுதான். விரலை எலும்புவரை வெட்டும்.

## சுவிட்ச் போட்டும் எதுவுமே அசையவில்லை

இது பார்க்கப் பயமாக இருந்தாலும் எளிதில் தீரும் கோளாறு. பேட்டரியை அளந்து பாருங்கள். 2 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்ட வேண்டும். 7-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் தீர்ந்த பேட்டரி. பேட்டரி சரியென்றால் ரிசீவர் விளக்கைக் கவனியுங்கள். விளக்கு மினுக்கினால் மின்சாரம் வருகிறது, ரிமோட்டோடு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மறுபடி பைண்ட் செய்தால், அதாவது இரண்டையும் சிக்னலால் இணைத்தால் போதும். விளக்கே இல்லையென்றால் ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் 5 வோல்ட் நின்றிருக்கிறது. பிளக் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறதா, ஈஎஸ்சி சுவிட்சின் கால்கள் பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

உறுதி செய்ய ஒரு வழி: ஈஎஸ்சி பிளக்கை ரிசீவரிலிருந்து உருவிவிட்டு, 4 பென்டார்ச் பேட்டரி போடும் பெட்டியை நேராக ரிசீவரில் மாட்டுங்கள். சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ உயிர் பெற்றால் ரிசீவர் நல்லது. ஈஎஸ்சிக்குள் இருக்கும் பெக் என்ற மின்வழங்கி போய்விட்டது. ஈஎஸ்சி முழுவதையும் தூக்கி எறிய வேண்டாம். வெளியே தனியாக ஒரு பெக் வாங்கி மாட்டி, ஈஎஸ்சி பிளக்கின் சிவப்புக் கம்பியை உருவி டேப் சுற்றிவிட்டால் ஓடும்.

## சுக்கான் திரும்புகிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை

புரொப்பல்லரை விரலால் சுற்றுங்கள். சுற்றவே இல்லையென்றால் ஷாஃப்ட் துருவால் பிடித்திருக்கிறது, அல்லது மீன்பிடி நரம்பு சுற்றி இறுகியிருக்கிறது. புரொப்பல்லருக்கும் குழாய்க்கும் இடையில் சுற்றிய நரம்பு கண்ணுக்கே தெரியாது. புரொப்பல்லரைக் கழற்றினால்தான் அகப்படும்.

தாராளமாகச் சுற்றுகிறது, ஈஎஸ்சி விடாமல் பீப் அடிக்கிறது என்றால் அது தன் நடுநிலையைக் கண்டுபிடிக்கவில்லை. ரிமோட்டில் வேகக் குச்சியின் (த்ராட்டில்) நடுநிலையைச் சற்றே நகர்த்தும் டிரிம் நகர்ந்திருக்கும். டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, ஈஎஸ்சியோடு வந்த தாளில் உள்ளபடி காலிபரேஷன் செய்யுங்கள், அதாவது த்ராட்டிலின் எல்லைகளை ஈஎஸ்சிக்குக் கற்றுக்கொடுங்கள். ரிமோட்டில் த்ராட்டில் சானல் தலைகீழாக இருந்தாலும் இதே பீப்தான் வரும்.

பிரஷ்லெஸ் மோட்டார் (பிரஷ் இல்லாத, மூன்று கம்பி மோட்டார்) சுற்றாமல் துடிதுடிக்கிறதா? மூன்று கம்பிகளில் ஒன்று தொடர்பு விட்டிருக்கிறது. புல்லட் இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்றில் ஈயப் பற்று உதிர்ந்திருக்கும். மூன்றும் உறுதியாக இருந்தும் துடிக்கிறது என்றால் அதே ஈஎஸ்சியில் வேறு மோட்டாரை மாட்டிப் பாருங்கள். எது குற்றவாளி என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிரஷ் மோட்டார் என்றால் கம்பிகளை ஈஎஸ்சியிலிருந்து கழற்றி, பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். சுற்றினால் பழி ஈஎஸ்சி மேல். சுற்றவில்லை, ஆனால் ஷாஃப்ட்டைச் சற்றுத் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூடேட்டர் கறுத்திருக்கிறது.

## ஓடுகிறது, ஆனால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது

முதலில் ஒரு கேள்வி: உண்மையிலேயே மெதுவா? நிஜக் கப்பலை அளவு குறைத்துச் செய்த ஸ்கேல் மாடல்களுக்கு வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12 நாட் ஓடும் துறைமுக இழுவைப் படகை 1:36 அளவில் செய்தால், 36-இன் வர்க்கமூலம் 6. மாடல் ஓட வேண்டியது 2 நாட், அதாவது நொடிக்கு ஒரு மீட்டர். மனிதன் சாவகாசமாக நடக்கும் வேகம். அதற்கு மேல் விரட்டினால் மூக்கில் அலை எழும்பும், பின்புறம் அமுங்கும், இழுவைப் படகு ஸ்பீட்போட் வேஷம் போட்டதுபோல் இருக்கும். நிறைய பேர் இல்லாத கோளாறுக்கு மருந்து தேடுவது இங்கேதான்.

நேற்றுவரை நன்றாக ஓடி இன்று மந்தம் என்றால் அது வேறு கதை. கப்ளிங்கைக் கழற்றி, மோட்டாரைத் தனியாகவும் ஷாஃப்ட்டைத் தனியாகவும் கையால் சுற்றுங்கள். ஷாஃப்ட் ஒரு சுண்டு சுண்டினால் தானாகச் சில சுற்று போய் நிற்க வேண்டும். ஒரே இடத்தில் இறுகி, பிறகு தளர்ந்து, மறுபடி அதே இடத்தில் இறுகினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் வைத்து உருட்டினால் வளைவு தெரியும். நிமிர்த்த முயல வேண்டாம், புதிது போடுங்கள். எல்லாச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கம் என்றால் கிரீஸ் கெட்டியாகிவிட்டது, அல்லது உள்ளே மணல் போயிருக்கிறது. பித்தளைக் குழாய்க்குள் மெதுவாகச் சுற்றும் ஸ்கேல் படகு ஷாஃப்ட்டுக்குக் கட்டி கிரீஸ் கூடாது. மெல்லிய எண்ணெய் போதும். வேகப் படகில் ஷாஃப்ட்டுக்குப் பதிலாக இருக்கும் வளையும் கம்பிப் பின்னலான ஃப்ளெக்ஸ் கேபிளுக்கு நேர்மாறு: தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ்தான் வேண்டும். ஓட்டிவிட்டு வந்ததும் கேபிளை உருவித் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

மோட்டாரும் ஷாஃப்ட்டும் தனித்தனியே தாராளமாகச் சுற்றுகின்றன, மாட்டினால் இறுகுகின்றன என்றால் கப்ளிங் நேர்க்கோட்டில் இல்லை. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் ஒரு வாட் மீட்டர் மாட்டி, புரொப்பல்லர் இல்லாமல் கால் த்ராட்டிலில் ஓட்டுங்கள். ஷாஃப்ட் இல்லாமல் எத்தனை ஆம்பியர், மாட்டியபின் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் இரட்டிப்பானால் அந்தக் கூடுதல் முழுதும் உராய்வாகவும் சத்தமாகவும் வீணாகிறது. மோட்டார் பீடத்தின் திருகுகளைத் தளர்த்தி, மெல்லிய தகடுகளை அடியில் கொடுத்து, மீட்டரில் ஆம்பியர் எங்கே குறைகிறதோ அங்கே இறுக்குங்கள். யூனிவர்சல் கப்ளிங் எந்தக் கோணலையும் தாங்கும் என்று விற்பவர் சொல்வார். சுற்றும், உண்மைதான். அதற்கான விலையை பேட்டரி கொடுக்கும்.

மோட்டார் கீச்சிட்டுச் சுற்றுகிறது, படகு நகரவில்லை என்றால் கப்ளிங்கை ஷாஃப்ட்டோடு இறுக்கும் தலையில்லாத சிறு திருகு (கிரப் ஸ்க்ரூ) தளர்ந்து வழுக்குகிறது. ஷாஃப்ட்டில் ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் சற்றுத் தட்டையாக்கி, திருகு தானாகக் கழலாமல் பிடிக்கும் நீல நிறப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

இன்னொரு வகை உண்டு. புரொப்பல்லர் கழன்று விழுந்து புதிது வாங்கி மாட்டியபின் படகு முன்னே போவதற்குப் பதில் பின்னே போகிறது. ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிர் முறுக்குள்ள புரொப்பல்லர் அது. பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றினால் திசை திரும்பும். பிரஷ் மோட்டாரிலும் இரு கம்பியை மாற்றலாம்; ஆனால் ஒரு திசைச் சுழற்சிக்கு ஏற்ப டைமிங் முன்தள்ளி அமைத்த மோட்டாரைத் தலைகீழாகச் சுற்றினால் பிரஷ்ஷில் பொறி பறக்கும், சீக்கிரம் தேயும். அதற்குச் சரியான முறுக்குள்ள புரொப்பல்லர் வாங்குவதே மலிவு. ஃப்ளெக்ஸ் கேபிள் போட்ட படகில் திசையையே மாற்றாதீர்கள். கேபிளின் பின்னல் ஒரு பக்கம் சுற்றினால் இறுகும், மறுபக்கம் சுற்றினால் பிரியும்.

## சூடு

எது சுடுகிறது என்பதே பாதி விடை. ஓட்டி முடித்துக் கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து நான்கு இடத்தைத் தொடுங்கள்: மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி, இணைப்புகள். மூன்று நொடி விரல் வைக்க முடியாவிட்டால் அது அதிகச் சூடு.

இணைப்பு மட்டும் சுட்டால் பற்றவைப்பு சரியில்லை, அல்லது பிளக் அந்த ஆம்பியருக்குப் போதாது. பேட்டரி மட்டும் சுட்டால் அதன் திறனுக்கு மேல் கேட்கிறீர்கள், அல்லது அது கிழடாகிவிட்டது. ஈஎஸ்சி மட்டும் சுட்டு மோட்டார் சுமாராக இருந்தால் குளிரூட்டும் தண்ணீர் ஓடவில்லை, அல்லது பாதி த்ராட்டிலிலேயே வெகுநேரம் ஓட்டுகிறீர்கள். மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி மூன்றும் சேர்ந்து சுட்டால் சுமை அதிகம், புரொப்பல்லரைப் பாருங்கள்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைப்பது நல்லது. புரொப்பல்லர் விழுங்கும் சக்தி அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிலும், சுற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கிலும் ஏறும். 40 மி.மீ. புரொப்பல்லரைக் கழற்றி 45 மி.மீ. போட்டால், அதே வேகத்தில் சுற்ற 1.8 மடங்கு சக்தி வேண்டும். கண்ணுக்குத் தெரிவது வெறும் 5 மி.மீ. 2 செல்லில் ஓடிய படகுக்கு 3 செல் போட்டால் மின்னழுத்தம் ஒன்றரை மடங்குதான். மோட்டாரும் அதே விகிதத்தில் வேகமெடுக்க முயன்றால் கேட்கும் சக்தி மூன்று மடங்கைத் தாண்டும். செல்லைக் கூட்டினால் புரொப்பல்லரைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டையும் சேர்த்துக் கூட்டுகிறவர் ஈஎஸ்சி கடைக்காரருக்கு உறவினர் ஆகிவிடுவார்.

தண்ணீர்க் குளிரூட்டல் உள்ள படகில் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று ஓடும்போதே கவனியுங்கள். பீய்ச்சவில்லையென்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, வெளியேறும் துளை வழியாக எதிர்த் திசையில் அழுத்துங்கள். அடைத்திருந்த பாசி வந்த வழியே வெளியேறும். குழாய் மடிந்து நசுங்கியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

இரண்டு நிமிடம் நன்றாக ஓடி, திடீரென்று சக்தி பாதியாகி, சற்று நிறுத்தினால் மீண்டும் ஓடுகிறதா? ஈஎஸ்சி தன்னையும் பேட்டரியையும் காப்பாற்றிக்கொள்கிறது. கரைக்கு வந்த உடனே பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றதைவிட வெகுவாக இறங்கியிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. செல்கள் சமமாக, 3.7-க்கு மேல் இருந்தால் பேட்டரி குற்றமற்றது. சூட்டினால் ஈஎஸ்சி பின்வாங்குகிறது. நிக்கல் பேட்டரி போட்டுவிட்டு ஈஎஸ்சியை லைப்போ அமைப்பிலேயே விட்டிருந்தாலும் பாதியில் சக்தி வெட்டப்படும்.

கம்பி நீளம் போதவில்லை என்றால் மோட்டார் பக்கத்துக் கம்பியை நீட்டுங்கள். பேட்டரி பக்கத்தை நீட்டாதீர்கள். பேட்டரிக் கம்பி நீள நீள ஈஎஸ்சியின் கெபாசிட்டர் மேல் அடி கூடும், அது உப்பி வெடிக்கும்.

## உள்ளே தண்ணீர்

எவ்வளவு, எப்போது என்ற இரண்டும் முக்கியம். நின்றுகொண்டிருக்கும்போதே ஏறுகிறதா, ஓடினால்தான் ஏறுகிறதா?

நிற்கும்போதே ஏறினால் நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை. வீட்டில் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, உள்ளே நன்றாகத் துடைத்து உலர்த்திய படகை இறக்குங்கள். ஷாஃப்ட் குழாய், சுக்கான் குழாய், குளிரூட்டும் குழாயின் வாய், உடலின் மூட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வையுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அதுவே இடம். மூட்டு நெடுக முகப்பவுடரைத் தூவினால் ஊசிமுனைக் கசிவும் கோடு போட்டுக் காட்டும்.

ஓடினால்தான் ஏறுகிறது என்றால் மூன்று சந்தேகம். ஒன்று மேல்மூடி; அலை தெறித்து நுழைகிறது, டேப் ஒட்டினால் தீரும். இரண்டு, ஷாஃப்ட் குழாயில் கிரீஸ் தீர்ந்து, சுற்றும் ஷாஃப்ட்டே தண்ணீரை மேலே இழுக்கிறது. மூன்றாவது ஆபத்தானது: குளிரூட்டும் குழாய் உள்ளே கழன்றிருக்கிறது. படகு வேகமாக ஓட ஓட அது பம்ப் வைத்ததுபோல் வயிற்றுக்குள் தண்ணீரை நிரப்பும், நீங்கள் கரையில் நின்று வேகத்தை ரசித்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு குழாய் முனையிலும் மெல்லிய கம்பி சுற்றி முறுக்கிவிடுங்கள். ஜிப் டை மட்டும் போட்டால் சிலிக்கான் குழாயிலிருந்து வழுக்கும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒன்றைச் செய்யலாம். ஷாஃப்ட் குழாயின் உள்முனையும் சுக்கான் குழாயின் மேல்முனையும் நீர்மட்டத்துக்கு மேலே முடியும்படி அமைத்தால், கிரீஸே இல்லாவிட்டாலும் நிற்கும் படகு நிரம்பாது.

அடைப்பதற்கு எம்-சீல் கைக்கு எட்டும் மருந்துதான். ஆனால் அதிரும் இடத்தில் அது வெடித்து உதிரும். ஷாஃப்ட் குழாய்க்கு இரு பாக எபாக்சி பசையில் ஃபைபர் கிளாஸ் துணித் துண்டை ஊறவைத்துச் சுற்றுங்கள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை, பிடித்து நிறுத்த மட்டும்.

கடைசியாக, மூக்கிலும் பின்முனை ஓரங்களிலும் தெர்மோகோல் அல்லது மூடிய துளை நுரையை அடைத்துவையுங்கள். 1 லிட்டர் நுரை ஏறத்தாழ 1 கிலோவைத் தாங்கும். படகு நிரம்பினாலும் மூழ்காது, தேடி எடுக்கலாம்.

## நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது

மெதுவாகப் போகும்போதும் இழுத்தால் சுக்கான் நடுவில் இல்லை. டிரிம்மைத் திருகித் தீர்ப்பதைவிட, சர்வோவை நடுவில் நிறுத்தி, கம்பியின் நீளத்தை மாற்றிச் சுக்கானை நேராக்குங்கள். அப்போதுதான் இரு பக்கமும் சமமாகத் திரும்பும். வேகத்தில் மட்டும் இழுத்தால் புரொப்பல்லரின் எதிர்முறுக்கு. பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர் படகின் இடது பக்கத்தை அமுக்கும். பேட்டரியைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால் சமமாகும்.

பின்னோக்கிப் போகும்போது பின்முனை ஒரு பக்கமாக ஒதுங்குவது கோளாறே அல்ல. ஒற்றைப் புரொப்பல்லர் கொண்ட நிஜக் கப்பலும் அப்படித்தான் செய்யும். இரட்டைப் புரொப்பல்லர் படகு ஒதுங்கினால் மட்டும் இரண்டு மோட்டாரின் வேகத்தையும் ஒப்பிடுங்கள். அதில் இரண்டு ஈஎஸ்சி இருந்தால், இரண்டின் பெக்கும் ஒரே ரிசீவருக்கு மின்சாரம் தராதபடி, ஒன்றின் சிவப்புக் கம்பியை ரிசீவர் பிளக்கிலிருந்து உருவிவிட வேண்டும்.

## சுக்கான் தானாகத் துடிக்கிறது, படகு சொன்னபடி கேட்கவில்லை

துடிப்பு எப்போது வருகிறது என்று பாருங்கள். மோட்டாரை நிறுத்தியதும் நின்றால் மின்சத்தம், அதாவது மோட்டார் கிளப்பும் மின் இடையூறு. பிரஷ் மோட்டாரில் மூன்று கெபாசிட்டர் பற்றவைத்திருக்க வேண்டும்: 0.1 மைக்ரோஃபாரட், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும். இரு முனைகளுக்கும் குறுக்கே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோகக் கூட்டுக்கு ஒவ்வொன்று. கூட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால்தான் ஈயம் பிடிக்கும்.

முழு த்ராட்டிலில் சர்வோ தளர்ந்து, ரிசீவர் விளக்கும் அணைந்து எரிந்தால் அது சத்தம் அல்ல, வோல்ட் சரிகிறது. பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது சுக்கான் எங்கோ முட்டி சர்வோ விடாமல் மின்சாரம் குடிக்கலாம். அசையாமல் இருக்கும்போதே சர்வோ ‘ங்ங்’ என்று முனகினால் அது எதையோ தள்ளிக்கொண்டிருக்கிறது. கம்பியைக் கழற்றுங்கள், முனகல் நின்றால் இணைப்பில்தான் இறுக்கம்.

பக்கத்தில் நன்றாக ஓடி, தூரம் போனால் மட்டும் கேட்காமல் போகிறது என்றால் ஆண்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது, கார்பன் ஃபைபரையும் உலோகத்தையும் தாண்டாது. ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கம்பியில் உறை உரித்த கடைசி 3 செ.மீ. மட்டுமே உண்மையான ஆண்டெனா. அது படகின் வயிற்றில் சுருண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே, பேட்டரிக்கு அடியில் கிடந்தால் தூரம் எப்படி வரும்? ஒரு ஸ்ட்ராவில் நுழைத்து மேல்தளத்துக்கு மேலே நிமிர்த்துங்கள். இரண்டு ஆண்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். ரிமோட்டையும் இடுப்புக்குக் கீழே பிடிக்காதீர்கள். நீர்ப்பரப்பை ஒட்டிப் போகும் அலை சீக்கிரம் தேயும். 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா முதன்முதலாக வானொலியால் படகு ஓட்டிக் காட்டியபோது கட்டடத்துக்குள் இருந்த சிறு நீர்த்தொட்டி போதுமாயிருந்தது. நம் ஏரிகள் அவ்வளவு சிறியவை அல்ல.

இதோடு, சிக்னல் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடான ஃபெயில்சேஃபையும் சோதித்துவிடுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுப் படகைக் கையில் தூக்கிப் பிடித்து, மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது ரிமோட்டை அணையுங்கள். ஓரிரு நொடியில் மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்தப் படகைத் தண்ணீரில் விடாதீர்கள்.

## வேகமெடுத்ததும் துள்ளுகிறது, இடவலமாகத் தத்தளிக்கிறது

மூக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கித் துள்ளினால் எடை பின்னால் அதிகம். வி வடிவ வேகப் படகுகளில் எடை மையம் பின்முனையிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் இருப்பது நல்ல தொடக்கம். பேட்டரியை ஒரு செ.மீ. முன்னே நகர்த்தி ஓட்டிப் பாருங்கள், பிறகு இன்னொன்று. இடவலத் தத்தளிப்புக்கும் முதல் மருந்து இதேதான். அடுத்தது ஷாஃப்ட் தாங்கியின் கோணத்தை அடிப்பாகத்துக்கு இணையாக்குவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நகர்த்தியும் தீரவில்லையென்றால் படகைக் கவிழ்த்து, அடியின் பின்பாதியில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் புடைத்திருந்தால் துள்ளும், குழிந்திருந்தால் மூக்கை அமுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பிளாஸ்டிக் படகுகளுக்கு இது சாதாரணமாக வரும் நோய். புடைப்பைத் தேய்த்தும் குழியை எபாக்சியால் நிரப்பியும் சரிசெய்யலாம்.

ஃப்ளெக்ஸ் கேபிள் படகில் வேகத்தில் மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால், புரொப்பல்லர் பிடிப்பானுக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். சுமை ஏறினால் கேபிள் முறுகிக் குட்டையாகும். சுமார் 3 மி.மீ. இடம் விடாவிட்டால் அது தாங்கியோடு உரசி உருகும்.

## பாய்மரப் படகு காற்றை எதிர்த்து ஏறவில்லை

இங்கே மோட்டார் இல்லை, ஆனாலும் கையால் பார்க்கும் சோதனைதான் முதலில். காற்று குறுக்கே வரும்படி ஓட்டி, சுக்கானை நடுவில் விடுங்கள். படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடுகிறதா? பாய்களின் அழுத்தம் பின்னால் அதிகம். பெரும்பாயைச் சற்றுத் தளர்த்துங்கள். போதாவிட்டால் பாய்மரத்தின் பின்சாய்வைக் குறைத்து நிமிர்த்துங்கள். காற்றைவிட்டு விலகி ஓடினால் எதிர் மருந்து. காற்றை நோக்கி மிக மெதுவாகத் திரும்பும் குணம் மட்டும் இருக்கட்டும். சிக்னல் போனாலும் படகு தலையைத் திருப்பி நிற்கும், ஓடிப்போகாது.

திருப்பத்தின் நடுவே காற்றுக்கு நேராக மாட்டிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் வேகமே இல்லாமல் திருப்பியிருப்பீர்கள். பாயைக் கொஞ்சம் தளர்த்தி வேகம் எடுத்து, பிறகு சுக்கானை ஒரேயடியாகத் தள்ளாமல் வளைவாகத் திருப்புங்கள். சுக்கானை 45 பாகைக்கு மேல் வெட்டினால் அது தடையாகத்தான் வேலை செய்யும்.

எப்போதும் சாய்ந்தே ஓடி, சுக்கான் கேட்காமல் போனால் அன்றைய காற்றுக்குப் பாய் பெரிது. ஐஓஎம் என்ற பந்தயப் பாய்மரப் படகு வகுப்பில் உடல் 1 மீட்டர், மொத்த எடை குறைந்தது 4 கிலோ, அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் ஃபின்னிலும் (துடுப்புத் தகடு) ஈயக் குண்டிலும் இருக்கும்; அப்படியிருந்தும் அதற்கு மூன்று அளவுப் பாய்கள் உண்டு. காற்று ஏறினால் சின்னப் பாய்க்கு மாறுவது அங்கே சாதாரண வழக்கம்.

பாய்க்கயிறு அதைச் சுருட்டும் மோட்டாரான விஞ்ச்சில் சிக்கிக்கொண்டால், விஞ்ச் கடைசிவரை போய் முட்டி நிற்கிறதா பாருங்கள். முட்டினால் ரிமோட்டில் எல்லையைக் குறையுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

## பரணிலிருந்து எடுத்த பழைய படகு

ஆசையில் உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். மரப் படகுகளில் பழைய மூட்டுகள் வஜ்ஜிரத்தாலோ வெள்ளைப் பசையாலோ ஒட்டியவையாக இருந்தால், மேலே பெயின்ட் வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்து இளகும். பெயின்ட் கொப்புளித்திருக்கும் இடத்தை நகத்தால் அழுத்துங்கள். உள்ளே மெத்தென்று இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புது மரம் வைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோனால் பலமுறை துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவி எண்ணெயை இழுத்த பிறகே ஒட்டுங்கள். பழைய ஃபைபர் உடலைப் பழுது பார்க்க எபாக்சி எடுங்கள். அது பாலியெஸ்டர் மேல் பிடிக்கும், எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது.

பித்தளைக் குழாய் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விட்டது. உறுதியாகத் தெரிந்தாலும் சுரண்டினால் நொறுங்கும், மாற்றிவிடுங்கள்.

பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து கம்பியெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வினிகரால் துடைக்கலாம். ஆனால் கம்பியை உரித்துப் பாருங்கள்: உள்ளே செம்பு கறுத்திருந்தால் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள்; வராவிட்டால் கம்பியையே மாற்றுங்கள். பழைய ரிசீவர், சர்வோ பிளக்குகளில் கம்பி வரிசை இன்றைய வழக்கத்திலிருந்து மாறியிருக்கக்கூடும். பாசிட்டிவ் நடுவில்தான் இருக்கிறதா என்று பார்க்காமல் புது ரிசீவரில் செருக வேண்டாம். சர்வோ ஒன்று கம்பிச்சுருளின் மேல் நகர்ந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய வேகக் கட்டுப்பாடு இருந்தால், அதைக் கழற்றிக் காட்சிக்கு வைத்துவிட்டு ஈஎஸ்சி போடுங்கள். அது மிச்சப்படுத்தும் சக்தியை எல்லாம் சூடாகத்தான் வெளியேற்றும்.

## நடு ஏரியில் நின்றுவிட்டது

நீந்தாதீர்கள். ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் சேறும் உள்ள ஏரியில் நன்றாக நீந்துகிறவரும் சிக்குவார். எந்தப் படகும் அதற்கு ஈடல்ல. மீன்பிடி நரம்பில் கட்டிய டென்னிஸ் பந்தைப் படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுத்தால் நரம்பு படகில் மாட்டிக் கரைக்கு வரும். அதைவிட நல்லது, காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில் நின்று ஓட்டத் தொடங்குவது. நின்றுபோன படகைக் காற்றே உங்களிடம் தள்ளிக்கொண்டு வரும்.

நின்றதற்குக் காரணம் பாசி என்றால் பின்னோக்கிச் சற்று ஓட்டிப் பாருங்கள். சில சமயம் பிரியும். பிரியாவிட்டால் முன்னோக்கி விரட்டாதீர்கள். சுற்ற முடியாத மோட்டாருக்குள் பாயும் மின்சாரம் ஈஎஸ்சியைத்தான் முதலில் தின்னும்.

படகு மூழ்கி எடுத்திருந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நனைந்த லைப்போவை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், திறந்தவெளியில் சிமெண்ட் தரையிலோ மணலிலோ வைத்துச் சில மணி நேரம் கவனியுங்கள். உப்பினாலோ சூடானாலோ அதை மறுபடி சார்ஜ் செய்யக்கூடாது. கழிமுகத்திலோ கடலிலோ மூழ்கியது என்றால் ரிசீவர், ஈஎஸ்சி, சர்வோ எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைக்க மனம் வராது. ஆனால் உள்ளே உலரும் உப்பு, தண்ணீரைவிட மோசம். அலசியபின் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஊற்றி வடித்து, நிழலில் காற்றாட ஒரு நாள் முழுதும் விடுங்கள். மோட்டாரையும் அலசி உதறி உலர்த்தி, இரு முனைத் தாங்கிகளிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஷாஃப்ட்டை உருவித் துடைத்து, அதற்குரிய எண்ணெயோ கிரீஸோ புதிதாகப் போட்டு, கையால் சுற்றிப் பார்த்து, தடங்கலில்லாமல் சுற்றினால் மட்டும் பேட்டரியை மாட்டுங்கள்.